நாற்பத்து மூன்றாவது மடி

சுயம்புக்கனியின் வயிறு ரெஜினாளின் மடியில் போய் உட்கார்ந்திருந்த அந்தச் செவ்வாய்க்கிழமை காலையிலும் வாய்க்கால்மேட்டுப் பெண்கள் சிறையில் ஆள்கணக்கு சரியாகவே இருந்தது. நாற்பத்திரண்டு பெண்கள் இரண்டிரண்டு பேராக, இருபத்தோரு ஜோடியாக, சிமெண்டுத் தரையில் முழங்காலோடு முழங்கால் முட்ட உட்கார்ந்திருந்தார்கள். பிரம்பை நீட்டி ஒவ்வொரு ஜோடியாக எண்ணிவந்த தலைமைக் காவலர் சங்கரவடிவு முதல் ஜோடிக்கு முன்னால் ஒரு நிமிடம் நின்றாள். நேற்று மாலை வரை ஐந்து மாதத்து மேடாக இருந்த சுயம்புக்கனியின் வயிறு தட்டையாகக் கிடப்பதையும், ஐம்பத்தெட்டு வயதாகி, தீட்டு நின்று பத்து வருடமாகிவிட்ட ரெஜினாளின் சேலைக்குள் அதே மேடு, அதே அளவில், அதே இடப்பக்கச் சாய்வோடு எழும்பி நிற்பதையும் பார்த்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று மறுபடி முதலிலிருந்து எண்ணிவிட்டு, பதிவேட்டில் நாற்பத்திரண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

எண்ணிக்கை குறைந்தால் மணி அடிக்க வேண்டும், கூடினால் மேலிடத்துக்கு எழுத வேண்டும், சரியாக இருந்தால் கஞ்சி ஊற்ற வேண்டும். வயிறு இடம் மாறினால் என்ன செய்வது என்பதற்கு அந்தப் பதிவேட்டில் கட்டம் கிடையாது. ஆகவே கஞ்சி ஊற்றப்பட்டது.

"எளா சுயம்பு," என்றாள் ரெஜினாள், தட்டை நீட்டிக்கொண்டே. "ஒன் பிள்ள இங்க வந்துட்டு. நல்லா உதைக்கு, பாத்துக்கோ."

சுயம்புக்கனி முதலில் பாவாடையில் ரத்தம் பட்டிருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. பிறகு ரெஜினாளின் வயிற்றில் கையை வைத்தாள். உள்ளே இருந்தது அவளை அறிந்துகொண்டதுபோல உள்ளங்கைக்கு நேராக வந்து முட்டியது.

அவள் ரத்தத்தைத் தேடியதற்குக் காரணம் உண்டு. உப்பளத்தில் கங்காணியின் மண்டையில் உப்பு இழுக்கும் வாருபலகை விழுந்தபோது பக்கத்தில் ஏழு பெண்கள் நின்றார்கள். யார் கையிலிருந்து விழுந்தது என்று யாரும் வாய் திறக்கவில்லை. ஆறு பேர் ஓடிவிட, ஓடாமல் நின்ற சுயம்புக்கனியைப் போலீஸ் பிடித்தது. அவள் ஓடாததற்குக் காரணம் அப்போது அவளுக்கு மூன்று மாதம். அதற்கு முன்னால் இரண்டு பிள்ளைகள் நாலாம் மாதத்தில் ஒன்றும் ஐந்தாம் மாதத்தில் ஒன்றுமாக அதே உப்புப்பாத்தி வரப்பில் கலைந்துபோயிருந்தன. இது மூன்றாவது. இது உயிரோடு வெளியே வர வேண்டும், வந்து வீறிட்டு அழ வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு கேட்க ஒன்றுமில்லை; ஜாமீன்கூட அதற்கு அடுத்ததுதான். ஆனால் முந்தின வெள்ளிக்கிழமை டாக்டர் இளவழகி அவள் கண் இமையை இழுத்துப் பார்த்து, விரலில் குத்தி ரத்தம் சோதித்துவிட்டு, "ஆறுதான் இருக்கு ரத்தம். நீ நிக்கிறதே பெருசு, இதுல புள்ள எப்படி நிக்கும்? உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்" என்று எழுதிக்கொடுத்திருந்தார். அனுப்ப வழிக்காவல் போலீஸ் வேண்டும். வழிக்காவல் போலீசெல்லாம் ஒரு மாநாட்டுக்குப் போயிருந்தது. மாநாடு முடிந்தால் கோயில் கொடை, கொடை முடிந்தால் யாரோ வருகிறார்கள். டாக்டர் எழுதிய சீட்டு அலுவலக மேசையில் கனமான ஒரு கல்லுக்கு அடியில் பறக்காமல் இருந்தது.

அன்று பகல் முழுக்க ரெஜினாள் வராந்தாவில் வயிற்றை முன்னால் தள்ளிக்கொண்டு நடந்தாள். புருஷனை அரிவாள்மணையால் வெட்டிவிட்டு ஆயுள்தண்டனைக்கு வந்தவள் அவள். அதற்கு முன்பு இருபத்தைந்து வருடம் அவன் வாயால் மலடி என்ற சொல்லைக் கேட்டவள். "மூச்சு வாங்குது, சவம், இடுப்பு இத்துப்போவுது" என்று எல்லோரிடமும் குறைபட்டுக்கொண்டாள். குறைபட்டுக்கொள்ள அவளுக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. மறுநாள் காலை கணக்கெடுப்பில், அவளுடைய முழங்கால் முட்டிக்கொண்டிருந்த அடுத்த ஜோடிக்காரியிடம் வயிறு போய்விட்டபோது, பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் இறங்கிப்போன மாதிரி கொஞ்ச நேரம் வெறும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்படித்தான் அது வரிசையில் போகத் தொடங்கியது. ஒரு நாளைக்கு ஒரு மடி. சங்கிலி அறுத்தவள் ஒருநாள் சுமந்தாள், சாராயம் காய்ச்சியவள் ஒருநாள் சுமந்தாள், மருமகள் தீக்குளித்த வழக்கில் தாயும் மகளுமாக வந்திருந்தவர்கள் அடுத்தடுத்த நாட்களில் சுமந்தார்கள், தான் எதற்காக வந்தோம் என்பதே மறந்துபோன ஒரு கிழவியும் சுமந்தாள், சுமந்த அன்றைக்கு மட்டும் எல்லாம் அவளுக்கு ஞாபகம் வந்து பொழுதெல்லாம் அழுதுகொண்டிருந்தாள். ஒருத்தி விடுதலையாகிப் போனால் அன்றைக்கே ஒருத்தி உள்ளே வந்து அவள் இடத்தில் உட்கார்ந்தாள். வரிசை நாற்பத்திரண்டிலிருந்து கூடவுமில்லை குறையவுமில்லை. கர்ப்பிணிக்கென்று தனியாக வரும் பாலும் முட்டையும் பழமும் சுயம்புக்கனி பெயரில் வந்து அன்றன்றைய மடிக்குப் போயின. ஒருநாள் சங்கரவடிவு, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, பிரம்பைக் கீழே வைத்துவிட்டு, வயிறு இருந்தவளின் பக்கத்தில் முழங்காலை ஒட்டி உட்கார்ந்தாள். அவளுக்கும் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. மறுநாள் வயிறு அவளைத் தாண்டிப் போய்விட்டது. எண்ணுகிறவள் எண்ணிக்கையில் சேர மாட்டாள் என்பது அதற்குத் தெரிந்திருந்தது. அவள் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு, "தரையக் கூட்டுங்கடி ஒழுங்கா, ஒரே மண்ணு" என்று சத்தம் போட்டாள்.

சூப்பிரண்டு மேடம் மேலிடத்துக்கு எழுதினார்: ஒரு கைதியின் கர்ப்பம் நாள்தோறும் அடுத்த கைதிக்கு மாறிவருகிறது, எண்ணிக்கையில் மாற்றமில்லை, தகவலுக்காக. மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது: கர்ப்பிணிக் கைதி எவரோ அவருக்கு விதிப்படியான பரிசோதனைகள் அனைத்தும் அன்றன்றே செய்யப்பட வேண்டும், தவறினால் தாங்களே பொறுப்பு. எழுதியவர் யோசித்து எழுதினாரோ, மதிய சாப்பாட்டுக்குப் போகிற அவசரத்தில் எழுதினாரோ, அந்த ஒரு வரி சிறைக்குள் ஒரு டாக்டரைத் தினமும் கொண்டுவந்து விட்டது. தினமும் ஒருத்தியை வெளியே அனுப்ப வழிக்காவலுக்கு எங்கே போவது என்று, ஸ்கேன் மெஷினை ஒரு வேனில் ஏற்றி உள்ளேயே அனுப்பினார்கள்.

அதுவரைக்கும் அந்தச் சிறையில் டாக்டர் எப்போதாவது வந்து பார்ப்பது கர்ப்பிணியை மட்டும்தான்; மற்றவர்களுக்கு மருந்து என்பது ஒரு ஜன்னல். ஜன்னலுக்குப் பின்னால் ஓர் ஆண் கம்பவுண்டர் உட்கார்ந்திருப்பார். முன்னால் வரிசை நிற்கும். வரிசையில் நிற்பவர்கள் காதில் விழ, என்ன செய்கிறது என்று அந்த ஜன்னலுக்குள் சொல்ல வேண்டும். தலைவலி என்று சொன்னார்கள் எல்லோரும். எதுவாக இருந்தாலும் தலைவலி. இப்போது டாக்டர் இளவழகி திரையை இழுத்துவிட்டு, வயிறு வந்த ஒவ்வொருத்தியிடமும் ரத்தம் எடுத்து, கையில் பட்டை கட்டி அழுத்தம் பார்த்து, மார்பைத் தடவிப் பார்த்து, வேறென்ன செய்யுது சொல்லு, வேறென்ன செய்யுது சொல்லு என்று கேட்டார். சுயம்புக்கனியைவிட ரத்தம் குறைந்தவர்கள் பத்தொன்பது பேர் என்று அப்போதுதான் தெரிந்தது. ஒருத்தியின் மார்பில் சுண்டைக்காய் அளவில் ஒரு கட்டி அகப்பட்டது. வரிசையின் கடைசி ஆளான மைமூனிடம் வயிறு போன நாளில் ஸ்கேன் பார்த்த டாக்டர் கருவியை ஒரே இடத்தில் மறுபடி மறுபடி அழுத்திப் பார்த்தார்.

மைமூன் அடுக்களைக்காரி, உலையிறக்கி வைத்துவிட்டு வர நேரமாகும் என்பதால் எப்போதும் வரிசைக் கடைசியில் உட்காருகிறவள். மூன்று வருடமாக மாதத்தில் பாதி நாள் அவளுக்கு ரத்தம் போய்க்கொண்டிருந்தது. பழைய பாவாடைகளைக் கிழித்துக் கிழித்து, இனிக் கிழிக்க ஒன்றுமில்லை என்றாகி, அரிசிச் சாக்கின் உள்துணியை எடுத்து வைத்துக்கொண்டு நாற்பத்திரண்டு பேருக்கும் சோறாக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா சொல்லல?"

"அந்த ஜன்னல்ல என்னன்னு சொல்ல டாக்டரம்மா? தலவலின்னுதான் சொன்னேன். மாத்திர குடுத்தாவ."

"புள்ளைக்குப் பக்கத்துலயே இவ்வளவு பெரிய கட்டி இருக்கு. இந்தப் புள்ள உன் வயித்துக்கு வரலேன்னா நான் இதப் பாத்தே இருக்க மாட்டேன்."

மறுவாரம் மைமூனை ஆஸ்பத்திரியில் சேர்த்துக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். கர்ப்பப்பை இல்லாத அந்த வயிற்றுக்கும் இரண்டாவது சுற்றில் பிள்ளை வந்து, ஒரு பக்கமாக ஒதுங்கி, தையலில் படாமல் ஒருநாள் இருந்துவிட்டுப் போனது. அதைப் பற்றியும் யாரும் பெரிதாகப் பேசவில்லை, "நல்ல பாங்கான பிள்ள" என்றதோடு சரி.

வயிறு தாங்குகிறவள் அன்றைக்குக் கேட்டதை மறுக்கக்கூடாது என்று ஒரு வழக்கமும் தானாக உண்டாயிற்று. ரெஜினாள் இரண்டாம் சுற்றில் சாளைக் குழம்பு கேட்டாள். மேடம் வீட்டிலிருந்து தூக்குவாளியில் வந்தது. ஒருத்தி குளிக்க வெந்நீர் கேட்டாள். சங்கிலி அறுத்தவள் எல்லோருக்கும் மாதாமாதம் தீட்டுக்கு வைக்கப் பஞ்சுப் பட்டை வேண்டும் என்று கேட்டாள், கேட்டுவிட்டு, "எனக்கு மட்டும் வேற கேட்டிருக்கலாம்ல, கிறுக்கி" என்று தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள்.

சுயம்புக்கனிக்கு ரத்தம் ஏறியது. பாரம் இல்லாத உடம்பு, தின்றதை வாங்கிக்கொண்டது. ஆறு எட்டாகி, எட்டு பத்தாகி, நகம் சிவந்து, படியேறினால் கண் இருட்டுவது நின்றது. எல்லாம் நல்லதுக்குத்தான் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் காலையில் எழுந்ததும் அன்றைக்கு யாரிடம் இருக்கிறதோ அவளைத் தேடிப்போய், மடியில் காதை வைத்துப் படுத்துக்கொண்டால் எழுந்திருக்க மனம் வராது. பிள்ளைக்கு இடப்பக்கம் சாய்ந்திருக்கப் பிடிக்கும், ஒருக்களித்துப் படு என்று அவள் சொன்னால், "எங்களுக்குத் தெரியாதா? நாலு பெத்தவ நான்" என்று எரிந்து விழுவார்கள். அவள் புருஷன் லிங்கதுரை மனுக்கொடுத்துப் பார்க்க வந்தபோது அன்றைய மடிக்காரியையும் கம்பிக்கு இந்தப் புறம் கூட்டிவந்து நிறுத்தினார்கள், அவன் பொண்டாட்டி முகத்தைப் பார்ப்பதா, முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் வயிற்றைப் பார்ப்பதா என்று விளங்காமல், கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டு, "பிள்ள சாப்பிடுதா?" என்று கேட்டான். வார்டர்கள் உள்பட எல்லோரும் சிரித்தார்கள். சுயம்புக்கனியும் சிரித்தாள். சிரித்து முடித்து அறைக்குப் போனபின், ஒருவேளை இது என் பிள்ளைதானா என்று ஒரு யோசனை வந்து, அதை வந்த வழியே விரட்டினாள்.

கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். நாற்பத்திரண்டு நாளுக்கு ஒரு சுற்று, சுற்றின் முதல் நாள் சுயம்புக்கனியுடையது. மூன்று சுற்று முடியும்போது நிறைமாதம். மூன்றாவது சுற்று முடிந்து மறுநாள் காலை பிள்ளை தாயின் மடிக்கே வந்துவிடும், வந்த கையோடு வலி எடுக்கும், பெற்றுக்கொள்ளலாம். சுவரில் கரித்துண்டால் கோடு போட்டு, கடைசிக் கோட்டுக்கு மேல் ஒரு தொட்டிலும் வரைந்துவைத்திருந்தார்கள்.

மூன்றாவது சுற்று பாதி கடந்திருந்தபோதுதான் வேறொரு சிறையிலிருந்து வெள்ளைத்தாயைக் கொண்டுவந்தார்கள். இருபத்திரண்டு வயது. ஒல்லியாக, மில் பெண்களுக்கு இருப்பதுபோல் புருவத்தில்கூட ஒரு வெளிர்ப்போடு இருந்தாள். அவள் வேனிலிருந்து இறங்குவதற்கு முன்பே அவளுடைய வழக்கு இறங்கி உள்ளே வந்துவிட்டது: நூல்மில் ஹாஸ்டல் குளியலறையில் பிள்ளை பெற்று, பெற்ற பிள்ளையைக் கொன்றவள்.

அன்று யாரும் விடுதலையாகவில்லை. வரிசையில் அவள் நாற்பத்து மூன்றாவது ஆள். மைமூனுக்குப் பின்னால், இரண்டு கை தூரம் தள்ளி, ஜோடியில்லாமல் உட்கார்ந்தாள். "இருபத்தோரு ஜோடி, ஒரு ஒத்தை" என்று எழுதினாள் சங்கரவடிவு. அந்த இரண்டு கை தூரத்தைக் குறைக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. சுவரில் இருந்த கோடுகளோடு ஒரு கோட்டைச் சேர்க்கவும் யாருக்கும் தோன்றவில்லை. அவளை யாரும் எண்ணவேயில்லை. சுயம்புக்கனியும் எண்ணவில்லை.

வெள்ளைத்தாய் யாரோடும் பேசுவதில்லை. டாக்டர் வந்தால் மட்டும் திரைக்கு வெளியே வந்து நிற்பாள். "டாக்டரம்மா, பிள்ள பொறந்து அழலேன்னா என்ன செய்யணும்?" என்று கேட்பாள். டாக்டர் சொல்வார்: துணியால துடைக்கணும், வாயில மூக்குல இருக்கிற சளிய எடுக்கணும், முதுக நல்லாத் தேய்க்கணும், உள்ளங்கால்ல சுண்டணும். மறுநாளும் அதையே வந்து கேட்பாள். மறுநாளும் அவர் அதையே சொல்வார்.

"பாத்தியா, எப்படிக் கேக்கா பாரு," என்றாள் சாராயக்காரி. "பிள்ளக்கொலகாரி. சுயம்பு, ஒன் பிள்ளயச் சாக்கிரதயாப் பாத்துக்கிடு."

அந்தக் கேள்வி காதில் விழும்போதெல்லாம் சுயம்புக்கனி எழுந்துபோய் அன்றைய மடிக்காரிக்கும் அவளுக்கும் நடுவில் நின்றுகொண்டாள்.

கடைசிக் கோட்டு நாளில் வயிறு மைமூனிடம் வந்தது. மறுநாள் காலை சுயம்புக்கனி தலைக்குக் குளித்து, நல்ல சேலை உடுத்தி, முதல் ஜோடியில் வந்து உட்கார்ந்தாள். பிரம்பு எண்ணிக்கொண்டு போனது. வயிறு மைமூனிடமே இருந்தது. அதற்கு மறுநாளும் மைமூனிடமே இருந்தது. மூன்றாம் நாள் மைமூன் தையல் சிவந்து, காய்ச்சல் கண்டு, அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். டாக்டர் குழாயை வைத்து ஒரு பக்கம் கேட்டார், இன்னொரு பக்கம் கேட்டார்.

"துடிப்பு குறையுது," என்றார். "இந்த வயித்துல இனி இது இருக்கக் கூடாது. நாளைக்கும் நகரலேன்னா அறுத்துத்தான் எடுக்கணும். ரெண்டு உசுருக்கும் நான் உறுதி சொல்ல மாட்டேன்."

சுயம்புக்கனி மைமூனின் முழங்காலோடு தன் முழங்காலை முட்டிக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்து பார்த்தாள். "வா, வந்துரு ராசா, வந்துரு ராசாத்தி" என்றாள். பிள்ளை அசையவில்லை. மேலே வந்து ஒருமுறை முட்டிவிட்டு, திரும்பி மறுபக்கமாக, வரிசையின் வால்பக்கம் இருக்கும் பக்கமாகப் போய் ஒட்டிக்கொண்டது.

ரெஜினாள்தான் சொன்னாள்: "எளா, அதுக்கு எண்ணத் தெரியுது. நாமதான் ஒருத்திய விட்டுட்டு எண்ணிட்டோம்."

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். வெள்ளைத்தாயிடம் விடக்கூடாது என்றார்கள், அறுத்து எடுத்தாலும் பரவாயில்லை என்றார்கள், மேடமிடம் சொல்லி அவளை வேறு சிறைக்கு மாற்றலாம், அப்போது நாற்பத்திரண்டு ஆகிவிடும் என்றார்கள். மாற்றல் உத்தரவு வர மூன்று வாரம் ஆகும். சுயம்புக்கனி எழுந்து துவைகல்லுக்குப் போனாள்.

வெள்ளைத்தாய் யாருடைய துணியையோ துவைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தவள், கேட்பதற்கு முன்பே, "எனக்கு வேண்டாம்க்கா" என்றாள்.

"நான் ஒண்ணும் கேக்கலியே."

"எனக்குத் தெரியும். வேண்டாம். எங்கிட்ட வந்தா செத்துப்போயிரும்."

"நீ கொன்னியா?"

இதை அவளிடம் போலீஸ் கேட்டிருந்தது, கோர்ட்டில் கேட்டிருந்தார்கள். தலையைக் குனிந்துகொண்டே இருந்திருக்கிறாள். இப்போது சோப்பு நுரைக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு சொன்னாள். ஷிப்டு முடிந்து வந்த விடியக்காலை. வயிற்றுவலி என்று குளியலறைக்குப் போனது. தாழ்ப்பாள் போட்டது. சத்தம் வெளியே கேட்கக் கூடாது என்று துண்டை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டது. "வந்துச்சு. அழும்னு பாத்தேன். எல்லாப் பிள்ளையும் அழும்லா? அது பாட்டுக்கு என்னையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. அழல. நான் என்ன செய்யணும்னு எனக்குத் தெரியலக்கா. கையில வச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன். கதவ ஒடச்சு வரும்போது…" என்று நிறுத்தினாள். "முதுகத் தேய்க்கணுமாம். டாக்டரம்மா சொன்னாவ. அவ்வளவுதானாம்க்கா."

சுயம்புக்கனிக்கு முதலில் வந்தது கோபம். யார்மேல் என்று தெரியாத கோபம். பக்கத்துக் கல்லில் உட்கார்ந்தாள். பயம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. பயம் அப்படியேதான் இருந்தது; அதன் பக்கத்தில் இன்னொன்றும் வந்து உட்கார்ந்துகொண்டது.

"நாளைக்குக் காலையில மைமூன் மதினி பக்கத்துல வந்து உக்காரு," என்றாள். "முட்டியோட முட்டி தட்டணும். தள்ளி உக்காந்தேன்னா நானே வந்து இழுத்து உக்கார வைப்பேன்."

மறுநாள் அப்படித்தான் செய்ய வேண்டியிருந்தது. வெள்ளைத்தாய் இரண்டு கை தூரத்தில் வந்து உட்கார்ந்தாள். சுயம்புக்கனி முதல் ஜோடியிலிருந்து எழுந்து, கணக்கெடுப்பில் எழக்கூடாது என்று சங்கரவடிவு போட்ட சத்தத்தைத் தாண்டிப் போய், அவள் தோளைப் பிடித்து நகர்த்தி உட்கார வைத்துவிட்டு, தன் இடத்துக்குத் திரும்பாமல் அவளுக்கு மறுபக்கம் தானும் உட்கார்ந்தாள். எண்ணி முடிப்பதற்குள் மைமூன் பெருமூச்சு விட்டுச் சாய்ந்தாள். அந்த ஒல்லி உடம்பில் நிறைமாத வயிறு பூசணிக்கொடியில் பூசணிக்காய்போலத் தனியாகத் தெரிந்தது. வெள்ளைத்தாய் கைகளை உயரத் தூக்கி வைத்துக்கொண்டாள், தொட்டுவிடக் கூடாது என்பதுபோல. சுயம்புக்கனி அந்தக் கைகளைப் பிடித்து இறக்கி வயிற்றின்மேல் வைத்தாள். பதினோரு மணிக்கு வந்து குழாயை வைத்துக் கேட்ட டாக்டர், "நல்லா இருக்கு" என்றார். "குதிரை மாதிரி ஓடுது."

பன்னிரண்டு மணிக்கு வலி எடுத்தது.

ஊரில் அன்று தேரோட்டம். வழிக்காவலுக்கு ஆள் இல்லை என்று போனில் சொன்னார்கள். சூப்பிரண்டு மேடம் போனை வைத்துவிட்டு, 108-க்கு அடித்துவிட்டு, அனுமதிக் கடிதத்தில் கர்ப்பிணிக் கைதியின் பெயர் என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தார். வெள்ளைத்தாயின் பெயரை எழுதினார். காற்புள்ளி போட்டு சுயம்புக்கனியின் பெயரையும் எழுதினார். "கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன், போங்க" என்றார்.

சங்கரவடிவு சட்டப்படி ஒரு சங்கிலியைப் பையில் போட்டுக்கொண்டு ஏறினாள். ஆனால் ஆம்புலன்ஸ் ரயில்வே கேட்டைத் தாண்டுவதற்குள்ளேயே, இரண்டு பெண்களும் கைகோத்துக்கொண்டிருந்ததால், வயிறு ஒரு வலிக்கு இவளிடமும் அடுத்த வலிக்கு அவளிடமுமாகப் போய்வரத் தொடங்கிவிட்டது. யார் காலில் பூட்டுவது என்று பார்த்துப் பார்த்து, அவள் சங்கிலியைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டாள். பிறகு இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து, விசிறுவதற்கு வேறொன்றும் அகப்படாமல், ஆள்கணக்குப் பதிவேட்டால் விசிறினாள்.

"இதுல யாரும்மா பிரசவக் கேசு?" என்றாள் ஆஸ்பத்திரி நர்ஸ்.

"ரெண்டு பேரும்தான். கட்டில ஒட்டிப் போடுங்க," என்றார் பின்னாலேயே தன் வண்டியில் வந்து இறங்கிய டாக்டர் இளவழகி.

ஒட்டிப் போட்ட இரண்டு கட்டிலில் சாயங்காலம் வரை வலி இங்கும் அங்கும் போய்வந்தது. ஒருத்தி கத்தும்போது ஒருத்தி இளைப்பாறினாள், இளைப்பாறியவள் கத்தும்போது கத்தியவள் தண்ணீர் குடித்தாள். பாதி வலியில் இவ்வளவு என்றால் முழு வலியில் இவள் தனியாக, வாயில் துண்டோடு, தாழ்ப்பாள் போட்ட அறையில் எப்படிக் கிடந்தாள் என்று சுயம்புக்கனி நினைத்தாள். வலிகள் நெருங்கி வந்தன. தலை தெரிகிறது என்று டாக்டர் சொன்னபோது வயிறு சுயம்புக்கனியிடம் இருந்தது. அடுத்ததோ அதற்கடுத்ததோ கடைசி வலி.

வெள்ளைத்தாய் தன் கையை உருவிக்கொள்ளப் பார்த்தாள். "விடுங்கக்கா. இப்ப ஒங்ககிட்டதான் இருக்கு. கைய விட்டுட்டா ஒங்ககிட்டயே நின்னுரும். நீங்களே பெத்துக்கிடுங்க. எங்கிட்ட வேண்டாம், எங்கிட்ட அழாதுக்கா."

விட்டால் போதும். விரலைத் தளர்த்தினால் போதும். இரண்டு பிள்ளைகளை இழந்தவள் மூன்றாவதைத் தன் உடம்பிலிருந்தே தன் கைக்கு வாங்கிக்கொள்ளலாம், யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். சுயம்புக்கனி விடத்தான் நினைத்தாள். நினைத்த அந்தக் கணத்தில், நாற்பத்திரண்டு பேர் ஏந்தி வந்ததை நாற்பத்து மூன்றாவது ஆளிடமிருந்து பிடுங்கிக்கொண்டால், வெளியே வருகிற பிள்ளையின் முகத்தை நாளைக்கு எப்படிப் பார்ப்பது என்று தோன்றியது. உப்புக்கூடையை ஒருத்தி இன்னொருத்திக்கு மாற்றிவிடும்போது வாங்குகிறவள் பயப்படுவாள். கொடுக்கிறவள்தான் கையை எடுக்காமல் நிற்க வேண்டும். அவள் விரல்களை இன்னும் இறுக்கினாள்.

"அழும்," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "முக்குடி."

வலி கைவழியே அடுத்த கட்டிலுக்குப் போனது. போன இடத்தில் வெள்ளைத்தாய் வாயைத் திறந்து, துண்டில்லாத வாயால், ஆஸ்பத்திரியின் அந்தப் பக்கத்துத் தெருவரைக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினாள். பிள்ளை வந்தது.

அழவில்லை.

டாக்டரின் கையில் அது ஊதா நிறத்தில், நனைந்த துணிபோலத் துவண்டு கிடந்தது. அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. வெள்ளைத்தாய் முழங்கையை ஊன்றி எழுந்தாள். "முதுகத் தேய்ங்க! சளிய எடுங்க டாக்டரம்மா, மொதல்ல வாயில! துணி! துணி குடுங்க! உள்ளங்கால்ல…"

"செஞ்சுகிட்டுத்தாம்மா இருக்கேன், படு!"

"இன்னும் தேய்ங்க! நல்லாத் தேய்ங்க!"

எவ்வளவு நேரம் என்று யாருக்கும் தெரியாது. சங்கரவடிவு எண்ணிக்கொண்டிருந்தாள், எண்ணுவது அவள் தொழில். ஆனால் பாதியில் அவளும் விட்டுவிட்டாள். பிறகு தும்மல்போல ஒன்று, அதற்குப் பின்னால் ஒரு கேவல், அதற்குப் பின்னால் கோபமான, நீளமான, உப்பளத்துக் காற்றைப்போல நிற்காத ஓர் அழுகை.

வெள்ளைத்தாய் அழுகையைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தாள். சமாதானப்படுத்தப் போன நர்ஸைத் தடுத்து, "கொஞ்சம் அழட்டும், கொஞ்சம் அழட்டும்" என்றாள்.

பெண் பிள்ளை. படிவத்தை எடுத்துக்கொண்டு நர்ஸ் தாயின் பெயரைக் கேட்டபோது வெள்ளைத்தாய்தான் முந்திக்கொண்டு சுயம்புக்கனி என்று சொன்னாள். பால் சுரந்ததும் சுயம்புக்கனிக்குத்தான்; ரவிக்கையை நனைத்துக்கொண்டு அது எப்போதோ தயாராகி நின்றது. பிள்ளை தேடி, தவறவிட்டு, மறுபடி தேடிப் பிடித்துக்கொண்டது. ஜன்னலுக்கு வெளியே தேர் நிலைக்கு வந்துவிட்டதற்கான வேட்டுச் சத்தம் கேட்டது. சங்கரவடிவு நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டிருந்தாள்.

"வெள்ள," என்றாள் சுயம்புக்கனி, தலையைத் திருப்பாமல். "ஒன் பிள்ளைக்கு என்ன பேரு வைக்கணும்னு நெனச்சிருந்த?"

பக்கத்துக் கட்டிலில் வெள்ளைத்தாய் போர்வை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"தர்ஷிகான்னு," என்றாள் பிறகு. "ஹாஸ்டல் டிவியில ஒரு பொண்ணு வரும். நல்லாப் படிக்கிற பொண்ணு." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "கோர்ட்டுலகூட யாரும் பேரக் கேக்கலக்கா."

"நல்ல பேரு."

"வேணும்னா இதுக்கு வச்சுக்கிடுங்க."

"வேண்டாம். அது அவ பேரு, அவகிட்டயே இருக்கட்டும்." சுயம்புக்கனி பிள்ளையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றிப் போட்டாள். "இவளுக்கு வேற பாப்போம். நீ யோசிச்சுச் சொல்லு. எனக்கு ஒண்ணும் சட்டுன்னு வரமாட்டேங்கு."

வெள்ளைத்தாய் கூரையைப் பார்த்துக்கொண்டு யோசிக்கத் தொடங்கினாள்.